எறிக்கின் சேட்டும் ஸ்கொட்லாந்துக் கொடியும்

சேசு மரி சூசை துணை

டூங்கபி,
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மனைவி ஞானமலருக்கு, உம்முடைய கணவன் பேர்னாட் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும், மூத்தவள் ஜெனோஜாவும், மருமகன் சுஜீதனும், குசினி யன்னலில் நீர் விட்டுப்போன கறிவேப்பிலைக் கன்றும் உயிரோடு இருக்கிறோம். அங்கே மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலில் நீரும், பிள்ளை பெற்றிருக்கிற சின்னவள் டிலானியும், பேரனும் சுகமாக இருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன். பேரனுக்குச் சளித் தடிமன் என்று அறிந்தேன். நெஞ்சில் எண்ணெய் பூசும்போது கையைச் சூடாக்கிக்கொண்டு பூசும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். போனில் சொன்னால் நீர் பாதியில் வைத்துவிடுவீர். பிறகு மீதிப் பாதியை நான் யாருக்குச் சொல்வது? கடிதம் அப்படியில்லை. கோபத்தில் கிழித்துப் போட்டாலும், முடிவு என்ன என்று அறிய நீர் துண்டுகளைப் பொறுக்கிப் பொருத்தி வாசிப்பீர் என்று இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் தெரிந்துகொண்டேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகன் எறிக்கின் சேட்டில், அந்த நீலமும் பச்சையும் கலந்த கட்டம் போட்ட சேட்டில், ஒரு துண்டை நான் வெட்டிவிட்டேன். முழுச் சேட்டு இல்லை. பின்பக்கம் காற்சட்டைக்குள் போகிற பகுதியில் ஓர் உள்ளங்கை அளவு. கதிரையில் இருந்து, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசியும்.

அந்தச் சேட்டு என்னவென்று எனக்கும் தெரியும். கடைசிச் சண்டை முடிந்த கிழமை எங்கள் கண்ணுக்கு முன்னால் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவனுடைய மாற்றுச் சேட்டு உம்முடைய பையில் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு முகாமுக்குப் போனோம், சேட்டும் வந்தது. மன்னாருக்குத் திரும்பினோம், சேட்டும் வந்தது. பிளேனில் ஏறி இந்த நாட்டுக்கு வந்தபோது என்னுடைய சப்பாத்துக்கு இடமில்லை என்று சொன்ன நீர் சேட்டுக்கு இடம் வைத்திருந்தீர். மாதம் ஒருமுறை தோய்த்து, அயர்ன் பண்ணி, பூச்சி உருண்டை போட்டு அலுமாரி லாச்சியில் வைக்கிறீர், அவன் வந்தவுடன் போட ஒன்று வேண்டுமே என்று. ஒவ்வொரு வைகாசியிலும் நான் ஆத்துமப் பூசை ஒன்று ஒப்புக்கொடுப்போம் என்பேன். "அது செத்தவைக்குக் குடுக்கிற பூசை. என்ர பிள்ளை செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?" என்பீர். நான் காணவில்லை. அவன் உயிரோடு இருக்க நீரும் காணவில்லை. நீர் ஒப்புக்கொடுக்க நினைக்கிற நன்றிப் பூசை அவன் வந்த பிறகுதான். ஆகவே இத்தனை வருஷமாக எங்கள் பிள்ளைக்கு இரண்டு பூசையும் இல்லை.

இனி நடந்ததைக் கேளும். நீர் மெல்பேர்னுக்குப் போன பிறகு நான் ரிவியோடு கதைக்கத் தொடங்கிவிட்டேன் என்று ஜெனோஜா என்னை ஒரு முதியோர் தேநீர்க் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். புதன்கிழமைகளில் நடக்கும். ரயிலில் கொஞ்சத் தூரம் போக வேண்டும். இடம் ஒரு பழைய கல் கோயில், ஸ்கொட்லாந்துக்காரர் கட்டியது. எங்கட சபை இல்லை, மற்றச் சபை. புனித அந்திரேயார் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே அவருக்கு ஒரு சுருபம் இல்லை, ஒரு மெழுகுதிரி இல்லை. எனக்கு அந்திரேயாரை நினைத்துப் பாவமாக இருந்தது. தேத்தண்ணி குடித்த பிறகு மற்றக் கிழவர்கள் நித்திரை தூங்குவார்கள், நான் கோயிலுக்குள் போய்ச் சனம் இருக்கிற வாங்குகளைத் துடைப்பேன். அப்படித் துடைக்கும்போதுதான் சுவரில் உயரத்தில் ஒரு தடியில் தொங்குகிற கொடியைக் கண்டேன். நடுவில் அந்திரேயாரின் சாய்ந்த சிலுவை. சுற்றிவர நூலால் தைத்த பெயர்கள். தூசி என்றால் அப்படி ஒரு தூசி. பிடவை கந்தலாகி, பெரிய ஓட்டைகளால் சுவர் தெரிந்தது. அந்திரேயார் திருவிழா வருகிறது, ஏற்ற வேண்டிய கொடி இந்த நிலையில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை.

எங்கள் ஊர்த் திருவிழாக் கொடியை என் அப்பா காலத்தில் இருந்து எங்கள் வீட்டில்தான் தோய்த்துத் தைத்துக் கொடுத்தோம் என்பது உமக்குத் தெரியும். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அந்த வருஷம் முழுக்கப் பங்குச் சனம் அதைத்தான் கதைக்கும். அந்தக் கை சும்மா இருக்குமா? ஒவ்வீசில் இருக்கிற பெண்ணிடம் போய், கொடியைக் கழற்றிச் சுத்தம் பண்ணித் தரவா என்று முறைப்படி கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமல் "லவ்லி" என்றார். இந்த நாட்டில் லவ்லி என்றால் நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஏணி வைத்து இறக்கி, மடித்து, சந்தைக்குக் கொண்டுபோகிற சில்லுப்பையில் வைத்து, மேலே லீக்ஸ் கட்டு ஒன்றைப் போட்டு மூடி, ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வாளியில் ஒரு மூலையைத்தான் நனைத்தேன். தண்ணீர் பால் விடாத பிளேன் ரீ நிறமாகிவிட்டது. விளிம்பில் இருந்த பொன் குஞ்சம் அவிந்த சேமியாவாகக் கையோடு கழன்று வந்தது. கழன்றதை எல்லாம் வடித்து, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் போட்டு, ஜெனோஜாவின் கண்ணில் படாமல் பிரீசருக்குள் வைத்தேன். அவள் அன்றைக்கே றால் எடுக்கப் போய் அதைத் திறந்தாள். "அப்பா, இது என்ன? சீரியஸ்லி, இது என்ன?" என்றாள். சவ்வரிசி என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டதால் மேலும் கேட்கவில்லை.

தோய்ப்பு சரிவராது என்று தெரிந்தவுடன் தையலுக்கு வந்தேன். நடுவில் இருந்த பெரிய ஓட்டைக்கு ஓர் ஒட்டுப் போட்டால் கொஞ்ச வருஷம் தாங்கும். கடைத் துணி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன், சாகக் கிடக்கிற மனுஷிக்குக் கூறைச்சேலை உடுத்தியது மாதிரி இருந்தது. பழைய துணி வேண்டும். அந்தக் கோயில் மண்டபத்தில் ஒரு படம் இருக்கிறது. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். அது கோயில் பாடகர் குழு என்று நினைத்திருந்தேன். அந்தப் பாவாடையில் நீலமும் பச்சையும் கலந்த கட்டம், கொடிக்கும் அதுதான் பொருந்தும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்த நிறத்தில் பழைய துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நிறம் பொருந்தியது என்பது உண்மை. ஆனால் நிறத்துக்காக மட்டும் வெட்டினேன் என்று சொன்னால் நீர் நம்ப மாட்டீர். எனக்குக் கோபம் ஞானமலர். உம்மில் இல்லை. அந்தச் சேட்டில் கோபம். இத்தனை வருஷமாக ஒரு வேலையும் செய்யாமல், ஒரு முதுகையும் மூடாமல், சுருக்கு ஒன்று இல்லாமல் லாச்சிக்குள் படுத்திருக்கிறது. பிள்ளையின் ஒரு துண்டாவது ஒரு புனிதருடைய கொடியில் காற்றில் ஆடட்டும் என்று நினைத்தேன். கத்தரிக்கோலை வைத்தேன். வெட்டிய பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நல்ல நெருக்கமான தையலாகத் தைத்தேன். அடுத்த புதன்கிழமை கொண்டுபோய் இருந்த இடத்திலேயே ஏற்றிவிட்டேன்.

அன்று நான் ஏணியில் இருந்து இறங்குகிறேன், கதவைத் திறந்துகொண்டு அந்தப் படத்தில் இருந்த பாவாடை ஒன்று நடந்து வந்தது. அதற்குள் மிஸ்டர் டொனல்ட்சன் என்கிறவர் இருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர், நெட்டை, அக்குளுக்குள் ஊதுகிற பை வாத்தியம், காலுறையில் ஒரு சின்னக் கத்தி. பாவாடை கட்டியிருந்ததால் எனக்கு முதலில் பயம் வரவில்லை. அவர் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கொடியை யார் தொட்டது?" என்று ஒரு குரல் போட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எந்தப் பாஷையில் வந்தாலும் தெரியும். என் இரண்டு கைகளும் நான் சொல்லாமலே தலைக்கு மேலே போய்விட்டன. ஒரு கையில் தூசித் துணி இருந்தது, அது வெள்ளைத் துணி.

மனிதர் அதைக் கண்டு திகைத்துவிட்டார். குரலை இறக்கி, "கையை இறக்குங்கள் ஐயா, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்றார். என்னை வாங்கில் இருத்தினார். பிறகு தானே ஏறிப் பார்க்கப் போகிறேன் என்று ஏணியில் கால் வைத்தார். எண்பது வயதுக்காரரை எப்படித் தனியே ஏற விடுவது? நான் ஏணியைப் பிடித்தேன். அந்தப் பாவாடைக்குள் ஒன்றும் உடுத்துவதில்லை என்பது அவர்களுடைய பழக்கமாம், சுஜீதன் பிறகு சொன்னார். நான் மேலே பார்க்கவில்லை. சத்தியமாக நிலத்தைத்தான் பார்த்தேன். ஆனால் மேலே அவர் நெடுநேரம் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அந்த நேரம் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

இறங்கி வந்து எல்லாம் சொன்னார். அது திருவிழாக் கொடி இல்லை. ஸ்கொட்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே அமைத்த ஒரு காலாட் படையின் கொடி. படத்தில் நின்றது பாடகர் குழு இல்லை, அந்தப் படை. நூலால் தைத்திருந்த பெயர்களை நான் உபயகாரரின் பெயர்கள் என்று நினைத்து, அடுத்த வருஷம் எங்கள் குடும்பப் பெயரையும் ஒரு மூலையில் போடலாமா என்று கேட்க இருந்தேன். அவை சண்டை நடந்த ஊர்ப் பெயர்களாம். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் நிற்பாட்டச் சொல்லும் வரை சொன்னார். சண்டையில் பை வாத்தியம் வாசிக்கிறவன்தான் முன்னுக்கு நடப்பானாம், கையில் துவக்கு இல்லாமல். அவன் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வேறொருவன் வாசிப்பான்" என்றார்.

ஞானமலர், என் பிள்ளையின் சேட்டை நான் ஓர் ஆமிக் கொடியில் தைத்து வைத்திருக்கிறேன். எந்த நாட்டு ஆமியாக இருந்தால் என்ன? இப்போதே வெட்டித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவர்களுடைய முறை என்னவென்றால், சேவை முடிந்த கொடியைக் கோயிலில் தொங்கவிட்டால் அதன் பிறகு ஒருவரும் அதைத் தொடக் கூடாது. தோய்க்கக் கூடாது, தைக்கக் கூடாது. தானாக இற்றுத் தூளாகிப் போகும் வரை விட வேண்டும். விழுகிற ஒரு நூலைக்கூடக் குப்பையில் போடக் கூடாது. "பராமரிக்க ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று நினைத்தேன்" என்றேன். "அப்படி விடுவதுதான் பராமரிப்பு" என்றார். ஓட்டைகள் துவக்குச் சூடா என்று கேட்டேன். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், அது அந்துப்பூச்சி என்றார்.

அடுத்த நாள் ஐஸ்கிரீம் டப்பாவை ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் கால்களை ஒன்றாகச் சேர்த்து நின்று, இரண்டு கையாலும் வாங்கினார். டப்பாவில் மாம்பழப் படம் போட்டிருந்தது.

அந்தப் படை இப்போது இல்லையாம். ஆள் குறைந்து வேறு படையோடு சேர்த்துவிட்டார்கள். மிஞ்சியது இவர் இருக்கிற ஒரு சங்கம். வருஷா வருஷம் அந்திரேயார் நாளுக்கு ஆட்டு இரைப்பைக்குள் இறைச்சி அடைத்து அவித்து, அதைத் தட்டில் வைத்து, பை வாத்தியம் முன்னுக்குப் போக மண்டபத்தைச் சுற்றிக் கொண்டுவருவார்களாம். சுருபம் வைக்காத சனம் இரைப்பைக்குச் சுற்றுப்பிரகாரம் வைக்கிறது. அந்தச் சங்கமும் பாவாடைக் கட்டத்தின் நிறம் பற்றிய சண்டையில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி மற்றப் பகுதியின் சாப்பாட்டுக்குப் போவதில்லை. இதைக் கேட்ட பிறகு எனக்கு மிஸ்டர் டொனல்ட்சன் அந்நியராகத் தெரியவில்லை. எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இரண்டு தலைவர்மார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

என்னுடைய ஒட்டால் சங்கம் இப்போது மூன்றாகப் பிரிகிற நிலைக்கு வந்துவிட்டது. ஒட்டை வெட்ட வேண்டும் என்று ஒரு பகுதி. கொடியில் ஏறியது கொடிதான், அதைத் தொடுவதும் முறை இல்லை என்று இன்னொரு பகுதி. என்னைப் பொலிசில் கொடுக்க வேண்டும் என்று ஒருவர், அவர் தனிப் பகுதி. அந்தத் துணி யாருடையது என்று மிஸ்டர் டொனல்ட்சன் என்னிடம் கேட்டார். சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். அவர் அதைச் சங்கத்தில் சொல்லியிருக்கிறார் போல. பொலிஸ் என்ற பேச்சு நின்றுவிட்டது. தகப்பனுக்கு அது திரும்ப வேண்டும் என்றால் கொடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்களாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வருஷாந்த நினைவு நாள். பூசை, அதாவது அவர்கள் பூசை என்று வைத்திருப்பது, முடிந்த பிறகு பழந்துணி வேலை தெரிந்த ஒரு பெண் வந்து நூலைப் பிரித்து ஒட்டைக் கழற்றித் தருவார். நான் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, நீர் வருவதற்கு முன்னமே இருந்த இடத்தில் பொருத்தித் தைத்துவிடுவேன். உம்முடைய தையல் பெட்டியில் அந்தக் கடும்பச்சை நூல் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மட்டும் மெசேஜ் போடும். ஏன் என்று ஜெனோஜா கேட்டால் பட்டன் என்று சொல்லும். நீர் சொல்கிறபடி அவன் வந்தால், தையல் காற்சட்டைக்குள் மறைந்துவிடும், அவனுக்குக்கூடத் தெரியாது. சேட்டு உம்முடையது, லாச்சி உம்முடையது, இனி நான் தொட மாட்டேன். ஆத்துமப் பூசை என்ற கதையையும் இனி எடுக்க மாட்டேன். நீர் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்வோம். இதை நான் எழுத்தில் தருகிறேன், ஜெனோஜாவுக்குக் காட்டிக்கொள்ளலாம்.

சின்னவளுக்கு என் ஆசீர். மருமகனுக்கு அன்பு. பேரனின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடும். தேவதாய் உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாளாக. கோபம் ஆறிய பிறகு போன் எடும், ஆறாவிட்டாலும் எடும்.

இப்படிக்கு,
உம்முடைய பேச்சை இனிக் கேட்டு நடக்கப்போகும்,
பேர்னாட்

பி.கு.: ஞாயிறு பின்னேரம். சனிக்கிழமை தபால் கந்தோர் பூட்டு, அதனால் கடிதம் போகவில்லை. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடும். பச்சை நூல் தேட வேண்டாம். துண்டு வரவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன்.

கோயிலில் மிஸ்டர் டொனல்ட்சன் பெயர்களை வாசித்தார். நான் செத்தவர்களின் பெயர்கள் என்று நினைத்து, உமக்குத் துரோகம் செய்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவர் தொடங்கும்போது சொன்னது வேறு. "வீடு திரும்பாதவர்கள்" என்று சொல்லித்தான் தொடங்கினார். அவ்வளவுதான். செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. பாதிப் பேருக்குக் குழி எங்கே என்று தெரியாதாம், அதனால் அவர்களுடைய தாய்மார் செத்தார்கள் என்று சொல்ல விடவில்லையாம், அன்று தொடங்கிய வழக்கமாம். கடைசியில், வேறு யாருக்காவது பெயர் இருந்தால் சொல்லலாம் என்று காத்திருந்தார். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

நான் எழும்பி எறிக் என்றேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள், பொலிஸ் என்று சொன்னவர் உட்பட. அந்தப் பெண் கத்தரிக்கோலோடு வந்தபோது, இருக்கட்டும் பிள்ளை என்றேன்.

உம்முடைய கணக்கிலும் அவன் வீடு திரும்பவில்லை, என்னுடைய கணக்கிலும் திரும்பவில்லை. இதில் நீர் என்னோடு சண்டை பிடிக்க ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் நீரும் வாரும். அவன் பெயரைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் கூப்பிட்டு அவன் எந்தக் காலத்தில் வந்தான்? நீர் கூப்பிடும்.